பாதி வலம்

பௌர்ணமியன்று விடியற்காலையில் என் வீட்டுக்காரியை ஈசான்ய லிங்கத்துக்கு எதிரில் வண்டியிலிருந்து இறக்கி விடுவேன். செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுப்பாள். மலையைக் கும்பிட்டுவிட்டு, இடது கைப் பக்கமாகத் திரும்பி, பெரிய கோயிலைப் பார்த்து நடக்க ஆரம்பிப்பாள். முன்பெல்லாம் நானும் கூடப் போவேன். முட்டி தேய்ந்து ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது. அதனால் வேங்கிக்காலில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பி, குளித்து விளக்கேற்றிவிட்டு, ஒன்பது மணி வாக்கில் மறுபடி அதே இடத்துக்கு வந்து டீக்கடை பெஞ்சில் உட்காருவேன். மலையைப் பார்த்து உட்கார்ந்தால் அவள் வலது கைப் பக்கமிருந்துதான் வரவேண்டும். அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். குபேர லிங்கத்திலிருந்து வரும் கூட்டத்தில் அவள் தலை தெரிந்ததும் எழுந்து செருப்பைக் கீழே போடுவேன். கவலை என்று ஒரு நாளும் பட்டதில்லை. மலையைச் சுற்றுகிறவர்கள் புறப்பட்ட இடத்துக்குத்தான் வந்து சேருவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலை எப்போதும் வலது கைப் பக்கம் இருக்க வேண்டும், பாதியில் திரும்பக் கூடாது. இதில் என் வீட்டுக்காரி ரொம்பக் கறார். ஒரு தடவை ரமணாசிரமம் தாண்டியபோதுதான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்ததாம். ஆட்டோ பிடித்துத் திரும்பியிருந்தால் பத்து நிமிஷத்தில் வீடு. நான் அன்று கடையில் இருந்தேன். மோட்டார் காயில் கட்டும் கடை, சின்னதுதான். அவள் திரும்பவில்லை. மிச்சம் இருந்த பத்துக் கிலோமீட்டரையும் நடந்து முடித்துவிட்டு வந்தாள். பாத்திரம் கரிக்கட்டை ஆகி, வீடெல்லாம் புகை. "நேராப் போனாலும் வீடுதானங்க வரும்" என்றாள். அந்தப் பாத்திரத்தை இன்னும் தூக்கிப் போடவில்லை, செடிக்குத் தண்ணீர் ஊற்ற வைத்திருக்கிறோம்.

போன தை மாசம், பொங்கல் கழித்து, மகள் வீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளைக்கு மத்தியப் பிரதேசத்தில் ஒரு டிராக்டர் கம்பெனியில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு டூட்டி இருந்தது. மகள் காரை எடுத்துக்கொண்டு எங்களை ஒரு மலைக்குக் கூட்டிப்போனாள். அரசாங்கம் வேலி போட்டுப் பாதுகாக்கும் காடு. பெயர் சொன்னாள், என் வாயில் நுழையவில்லை.

அப்படி ஒரு மலையை நான் பார்த்ததே இல்லை. பாறை உருண்டையாகவோ பாளமாகவோ இல்லை. தூண் தூணாக நின்றது. ஆறு பட்டை பிடித்த கருப்புத் தூண்கள், உளி வைத்துச் செதுக்கினாற்போல, ஒன்றோடொன்று ஒட்டி அடிவாரத்திலிருந்து உச்சி வரை. சில இடத்தில் சாய்ந்து, விறகுக் கட்டை அடுக்கியதுபோலப் படுத்துக் கிடந்தன. ஆயிரங்கால் மண்டபத்தை யாரோ பெயர்த்து எடுத்துவந்து கொட்டிவிட்டுப் போனமாதிரி இருந்தது.

வாசலில் ஒரு வனக்காவலர் இருந்தார். நாற்பது வயது இருக்கும், காக்கிச் சட்டை, கையில் ஒரு கம்பு. தகரக் கொட்டகையில் மேஜை போட்டு அந்தக் காட்டில் கிடைத்த கற்களை வைத்திருந்தார்கள். கல்லுக்குள் சிப்பி, கல்லுக்குள் நத்தை, கல்லாகவே ஆகிப்போன ஒரு மரத்துண்டு. மரத்தின் வளையம் வளையமான வரிகூட அப்படியே இருந்தது. ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்ததாம். காவலர் இந்தியில் சொல்லச் சொல்ல மகள் தமிழில் சொன்னாள்.

"கடல் இருந்துச்சா? அப்புறம் எங்கம்மா போச்சு அது?" என்று கேட்டாள் என் வீட்டுக்காரி.

"அதெல்லாம் பல கோடி வருஷம்மா. கடல் வத்திப்போய், பூமிய ஒடச்சுக்கினு நெருப்புக் கொழம்பு வந்துச்சாம். அது ஆறும்போது விரிசல் வுட்டு இப்படித் தூணு தூணா நின்னுடுச்சாம்."

"நெருப்பா?"

"ஆமா. நெருப்பு ஆறி மலையாச்சு."

அவ்வளவுதான். என் வீட்டுக்காரி கையில் இருந்த தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு அந்த மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கும் உடம்பு ஒரு மாதிரி ஆனது. நெருப்பாக நின்றவர் மலையாகக் குளிர்ந்தார் என்பதைச் சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதையே ஆயிரம் மைலுக்கு அந்தாண்டை, யாரோ ஒரு காக்கிச் சட்டைக்காரர், நம் ஊர்க் கதை எதுவும் தெரியாமல் சொல்கிறார்.

"அண்ணாமலையாருக்குப் பங்காளியா இருப்பாரோ?" என்றேன் சிரித்துக்கொண்டே. அவள் சிரிக்கவில்லை.

காவலர் ஒரு கூழாங்கல்லை எடுத்துத் தூணில் தட்டிக் காட்டினார். டங்கென்று வெண்கல மணி மாதிரி கேட்டது. எங்களுக்கு முன்னால் வந்திருந்த ஒரு குடும்பமும் இடது பக்கப் பாறையில் தட்டித் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு காவலர் கொட்டகைக்குப் போய்விட்டார். மகள் சாப்பாட்டுப் பையை எடுக்கக் காருக்குப் போனாள்.

"ஏங்க, ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன்" என்றாள் வீட்டுக்காரி.

மலை சின்னதாகத்தான் தெரிந்தது. நம் மலையில் கால்வாசிகூட இருக்காது. அடிவாரத்தை ஒட்டி இடது பக்கமாக ஒரு மண்பாதை போயிற்று.

"சாப்ட்டுப் போயேன்."

"சுத்திட்டு வந்து சாப்பட்றேன். வயித்த ரொப்பிக்கினா சுத்துவாங்க?"

"சரி, போ. முக்கால் மணி நேரம் ஆவுமா? நான் இங்கியே உக்காந்திருக்கேன்."

இதைச் சொன்னது நான்தான். பின்னால் எத்தனையோ பேர் மேல் பழி போட மனசு தேடியது, ஆனால் போ என்று சொன்ன வாய் என்னுடையது. அவள் செருப்பைக் கழற்றி என் பக்கத்தில் விட்டாள். போனை என் பைக்குள் போட்டாள், சுற்றும்போது போன் வைத்துக்கொள்ள மாட்டாள். இடது கைப் பக்கமாகத் திரும்பி நடந்தாள். அவளுடைய பச்சைப் புடவை ஒரு பாறை மறைவில் போனதைப் பார்த்தேன். பிறகு, ஊரில் பெஞ்சில் உட்காருவதைப்போல, ஒரு பாறையில் உட்கார்ந்து வலது கைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மகள் வந்து, "அம்மா எங்கப்பா?" என்றாள்.

"சுத்தப் போயிருக்கா."

"எதச் சுத்த?"

"மலைய."

"அப்பா, அம்மா காலைல மாத்திர போட்டாங்களா?"

போட்டிருந்தாள். அவளுக்குச் சர்க்கரை பத்து வருஷமாக இருக்கிறது. மாத்திரையைப் போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை கீழே இறங்கிவிடும். ஒரு தடவை வீட்டிலேயே அப்படி ஆகிக் குளியலறை வாசலில் விழுந்துவிட்டாள். அன்றிலிருந்து நான் எங்கே போனாலும் பையில் கடலை மிட்டாய் வைத்திருப்பேன். அந்தப் பை இப்போது என் மடியில் இருந்தது. காலை ஏழு மணிக்கு இரண்டு இட்லி தின்றவள். மணி பன்னிரண்டரை.

ஒரு மணி ஆனது. வலது பக்கம் யாரும் வரவில்லை. காய்ந்த புல், அதற்கு அந்தாண்டை கருப்புத் தூண்கள், வெயில். காற்று மட்டும் விடாமல் அடித்தது. நான் மனசுக்குள் ஒவ்வொரு லிங்கமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். இப்போது அக்னி லிங்கத்தைத் தாண்டியிருப்பாள், இப்போது எமலிங்கம், இப்போது நிருதி. அங்கே லிங்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. வேறு எப்படிக் கணக்கு வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. குபேர லிங்கம் வரை சொல்லி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

ஒன்றேகால் மணிக்கு மகள் போய்க் காவலரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவளுடைய இந்தி எனக்குப் புரியாவிட்டாலும், அவர் முகம் மாறியது புரிந்தது. கையால் ஒரு வட்டம் போட்டுக் காட்டி என்னவோ கேட்டார். பிறகு இல்லையென்று தலையாட்டினார்.

"மலையச் சுத்தி வழியே கெடையாதாம்ப்பா. கொஞ்ச தூரம் போனா ஒரு பள்ளம் வருதாம். எல்லாரும் அதோட திரும்பி வந்துடுவாங்களாம்."

"அவ திரும்ப மாட்டா" என்றேன்.

மகள் என்னைப் பார்த்தாள். அவளுக்கும் பால் பாத்திரத்துக் கதை தெரியும். "ஆமா, அம்மா திரும்ப மாட்டாங்க" என்று மெதுவாகச் சொல்லி, அதையே காவலருக்கும் இந்தியில் சொன்னாள். அவர் நம்பவில்லை. கம்பால் இடது பக்கம் காட்டினார். அங்கே போய்த் தேடலாம் என்கிறார். நான் எழுந்து நின்று வலது பக்கம் கையைக் காட்டினேன். "அவர் கிட்டச் சொல்லு. பள்ளத்துல எறங்கியாவது ஏறியாவது போயிருப்பா. பின்னால போய்த் தேடுனா பிரயோஜனம் இல்ல, எதுத்தாப்புல போனாத்தான் ஆளு கெடைப்பா. அந்தப் பக்கம் போவச் சொல்லு. ஜல்தி."

அந்த ஒரு வார்த்தை அவருக்குப் புரிந்தது. பள்ளத்தைத் தாண்டியிருந்தால் வலது பக்கத்து ஓடை வழியாகத்தான் இறங்க முடியும் என்று மகள் மூலம் சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்தார். கிளம்பும்போது மகளிடம் இன்னும் எதையோ சொன்னார்.

"இன்னா சொல்றாரு?"

"ஒண்ணுமில்லப்பா."

"இவ்ளோ நேரம் பேசினாரு, ஒண்ணுமில்லங்கிற?"

"பள்ளம் ஆழம்னு சொல்றாருப்பா. நீங்க உக்காருங்க."

அவள் மறைக்கிறாள் என்று தெரிந்தது. அதற்குமேல் கேட்கவும் பயமாக இருந்தது.

மோட்டார் சைக்கிள் சத்தம் வலது பக்கம் தேய்ந்து மறைந்தது. நான் கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். அண்ணாமலையாரே, அவளுக்கு மயக்கம் வராமப் பாத்துக்க. அவளை வலமாவே கொண்டாந்து வுட்டுடு. வேற ஒண்ணும் கேக்கல.

அப்போதுதான் சத்தம் கேட்டது. டங், டங், டங். மூன்று தடவை. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று தடவை. காற்று நின்றால் கேட்டது, அடித்தால் நின்றுபோனது.

"மணி அடிக்குதா?" என்றேன்.

"எந்தப் பக்கம்?"

"இந்தாண்ட." இடது பக்கம் கையைக் காட்டினேன்.

"காலைல அந்தக் குடும்பம் தட்டினு இருந்தாங்களேப்பா. அவங்கதான்."

அவர்கள்தான் என்று நானும் நினைத்தேன். இந்த நேரத்தில் இவர்களுக்கு விளையாட்டு என்று எரிச்சல்கூட வந்தது. முகத்தை வலது பக்கமே வைத்துக்கொண்டேன். அவள் வருகிற பக்கம் அதுதான். சத்தம் வந்துகொண்டே இருந்தது. அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும். அதைக் காதில் வாங்கிக்கொண்டே, வலது பக்கத்தில் புல் அசைந்தால் அவளாக இருக்குமோ, வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் அவளாக இருக்குமோ என்று எட்டி எட்டிப் பார்த்தேன். அவள் கட்டியிருந்தது பச்சைப் புடவை என்பதுகூட மறந்துவிட்டது.

மகள் காரிலிருந்து தண்ணீர் எடுத்து வந்தாள். பாட்டிலை வாங்கும்போது தற்செயலாக, கார் நிற்கும் மரத்தடியைப் பார்த்தேன். எங்கள் கார் ஒன்றுதான் நின்றது.

"அந்தக் குடும்பம் வந்த வண்டி எங்க?"

"அவங்க அப்பவே போய்ட்டாங்களே" என்று சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள்.

டங், டங், டங்.

எழுந்துவிட்டேன். மகள் ஓடப்போனாள். காவலர் திரும்பி வந்தால் பேசுவதற்கு ஆள் வேண்டும், எனக்கு இந்தி தெரியாது, நீ இங்கே இரு என்று அவளை நிறுத்திவிட்டு, பையையும் அந்தச் செருப்பையும் எடுத்துக்கொண்டு நான் இடது பக்கமாக நடந்தேன். முட்டி வலித்திருக்கும். எனக்கு ஞாபகம் இல்லை.

பாதையில் தூண்களின் தலை மட்டும் தரையோடு தரையாகத் தெரிந்தது, ஆறு மூலைத் தரை ஓடு பதித்தமாதிரி. நடுநடுவே சில தூண் உள்வாங்கிப் பள்ளம். வழுக்கியது. ஒரு வளைவு, இன்னொரு வளைவு. சத்தம் நின்றுவிட்டது. அது கேட்டுக்கொண்டிருந்தபோது எரிச்சல்பட்டவன், இப்போது நின்றதும் இன்னும் வேகமாக நடந்தேன். "எம்மா" என்று கத்தினேன். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் எனக்கு இல்லை. அன்று பெயரைச் சொல்லியும் கத்தினேன்.

மூன்றாவது வளைவில் இருந்தாள். உடைந்த தூண் ஒன்றின்மேல் உட்கார்ந்து, பின்னால் சாய்ந்திருந்தாள். இடது கணுக்கால் வீங்கியிருந்தது. முகமெல்லாம் வேர்வை, கை நடுக்கம். மடியில் ஒரு கூழாங்கல். நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் அதற்கும் கால் கிலோமீட்டர்கூட இருக்காது.

என்னைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை காலைப் பற்றி இல்லை.

"பாதியில திரும்பிட்டேங்க."

"மொதல்ல இத வாயில போடு."

பையிலிருந்து கடலை மிட்டாயை எடுத்தேன். பல்லால் கடித்துப் பிரித்துக் கொடுத்தேன். ஒன்று தின்றாள், இரண்டு தின்றாள், தண்ணீர் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் கை நடுக்கம் நின்றது. நான் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டேன்.

"வழி இல்லியா?"

"இருந்துச்சு. ஒரு பள்ளம் வந்துது. ஆடு மேய்க்கிற பொம்பளைங்க ரெண்டு பேரு அதுல எறங்கி அந்தாண்ட ஏறிப் போனாங்க. வான்னு கையக் காட்டி என்னியும் கூப்ட்டாங்க."

"அப்புறம் இன்னாத்துக்குத் திரும்பின?"

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நேரம் ஆயிடுச்சுன்னு தோணுச்சு. நீங்க மிட்டாய் பைய மடியில வெச்சிக்கினு அந்தப் பக்கமே பாத்துனு உக்காந்திருப்பீங்க. கண்ணு முன்னாடி அதான் வந்துது. திரும்பிட்டேன். திரும்பி நாலு எட்டு வெக்கல, கால் மடங்கிப்போச்சு. நொண்டி நொண்டி இது வரைக்கும் வந்தேன். இதுக்கு மேல கண்ண இருட்டிச்சு."

மலையை இடது பக்கம் வைத்து நடந்ததால்தான் கால் மடங்கியது என்று அவள் நினைக்கிறாள். அவள் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

"எவ்ளோ நேரமாத் தட்டுற?"

"ஒரு மணி நேரம் இருக்கும். கத்துனேன், காத்துல போவல. அப்புறந்தான் அவரு தட்டிக் காட்டுனது ஞாபகம் வந்துது. உங்களுக்குக் கேக்கலியா?"

பொய் சொல்லியிருக்கலாம். காற்று அதிகம் என்றால் நம்பியிருப்பாள். மலையடியில் உட்கார்ந்துகொண்டு வாய் வரவில்லை.

"கேட்டுச்சு."

"கேட்டும் வரலியா?"

"நீ திரும்புவன்னு நெனக்கல."

இன்னொரு மிட்டாய்க்குக் கையை நீட்டினாள். அதைப் பிரித்துக்கொண்டே, "அந்த மேஜ மேல இருந்துதே, கல்லுக்குள்ள நத்தை," என்றாள். "நீங்க வரலன்னா நானும் அப்படியே ஒட்டிக்கினு இருந்திருப்பேன். கோடி வருஷம் கழிச்சு எவனாவது எட்த்து மேஜ மேல வெச்சிருப்பான்."

நான் சிரித்தேன். சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. மூக்கைச் சிந்துகிறமாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். மலை எங்கள் இடது பக்கம் இருந்தது. கடைசி வளைவில் நின்று, வலது கையால் மலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "தப்பா எட்த்துக்காத சாமி" என்றாள். நானும் தொட்டுக்கொண்டேன்.

காவலர் ஓடை வரை போய்த் திரும்பியிருந்தார். உடம்பெல்லாம் புழுதி. என் பேச்சைக் கேட்டு வீணாக அலைந்தவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. வீட்டுக்காரியின் காலைப் பார்த்துவிட்டுக் குடிக்க உப்புப் போட்ட மோர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு மலையைக் காட்டிப் பொறுமையாக ஏதோ விளக்கினார்.

"இந்த மலைக்குப் பின்பக்கம்னு ஒண்ணு கெடையாதாம்ப்பா" என்றாள் மகள். "பின்னால அடுத்த மலை, அதுக்குப் பின்னால அடுத்த மலைன்னு எழுவது எண்பது மைல் போய்க்கினே இருக்குமாம்."

நம் மலை தனியாக நிற்கிற மலை. எல்லா மலையும் அப்படித்தான் நிற்கும் என்று அறுபத்து நாலு வயசு வரை நினைத்திருக்கிறேன்.

காரில் திரும்பும்போதுதான் மகள் மறைத்ததைச் சொன்னாள். அந்தப் பள்ளத்தில் சிறுத்தை இருக்கிறதாம். ஆடு மேய்க்கிறவர்கள்கூடக் கூட்டமாகத்தான் இறங்குவார்களாம். வீட்டுக்காரி கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊருக்கு வரும் ரயிலில் ஒரே ஒரு தடவை கேட்டாள். "பாதி வலத்துல வுட்டா இன்னா ஆவுங்க?"

"எனக்குத் தெரியல" என்றேன். தெரியாததைத் தெரிந்தமாதிரி சொல்லப் பயமாக இருந்தது. "மிச்சத்த நம்ம ஊர்ல சுத்து. அவருக்குப் புரியும்."

மாசிப் பௌர்ணமிக்குள் கால் சரியாகிவிட்டது. வழக்கம்போல ஈசான்ய லிங்கத்துக்கு எதிரில் இறக்கி விட்டேன். செருப்பைக் கொடுத்தாள். நான் பையிலிருந்து நாலு கடலை மிட்டாயை எடுத்து அவள் தலைப்பில் முடிந்துவிட்டேன். அவள் போனதும் வீட்டுக்குப் போகவில்லை. குளியலை முன்னாலேயே முடித்திருந்தேன். பெஞ்சிலேயே உட்கார்ந்தேன்.

வெயில் ஏறியது. குபேர லிங்கத்துப் பக்கமிருந்து கூட்டம் வந்துகொண்டே இருந்தது. டீக்கடைக்காரர் கண்ணாடி கிளாஸைக் கழுவிக்கொண்டே என்னைக் கவனித்திருக்கிறார்.

"இன்னா அண்ணாத்த, கழுத்து வலிக்கல? அந்தாண்டயும் பாக்கிற, இந்தாண்டயும் பாக்கிற. அண்ணி எப்பவும் அந்தப் பக்கத்துலேந்துதான வருவாங்க?"

"ஆமா" என்றேன். "ஒரு டீ போடு. சக்கர கம்மியா."

டீ வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, மறுபடி கோயில் பக்கத்தையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.